ஒரே நோய், ஒரே எண், இரண்டு பேர்

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே வாரத்தில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட்டில் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே சதவீதம். டாக்டரும் இருவருக்கும் சி.ஓ.பி.டி. என்றே எழுதினார். பெரியப்பா காலமெல்லாம் பீடி குடித்தவர். எலும்பும் தோலுமாக, உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விடுவார். பெரியம்மா பீடியைத் தொட்டதே இல்லை. விடிந்தால் இருமலும் சளியும்தான். இப்படி ரெண்டு பேருக்கு எப்படி ஒரே நோய்? நான் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர்காரன். அந்தக் கேள்வியோடு பழைய கட்டுரைகளைத் தோண்டியதில் கிடைத்ததைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இந்த நோயை முதலில் தெளிவாகப் பார்த்தது சடலத்தில். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லேனெக், 1819-இல் பாரிசில் வெளியிட்ட நூலில், இறந்தவர்களின் ஊதிப்போன நுரையீரல்களை விவரித்தார். அதுதான் எம்ஃபிசீமா. 1846-இல் லண்டனில் ஹட்சின்சன் ஸ்பைரோமீட்டரைக் கொண்டுவந்தார். உயிரோடு இருப்பவரின் மூச்சை அளக்க வழி பிறந்தது.

1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நுரையீரல் நோய்களைச் சரியாக வரையறுக்கும் அவசரம் அதன்பின் கூடியது. 1959-இல் வெளியான சீபா கருத்தரங்க அறிக்கை அதற்கான முயற்சி. அதில் நாள்பட்ட பிராங்கைட்டிஸுக்கு அடையாளம் நோயாளி சொல்லும் இருமலும் சளியும். எம்ஃபிசீமாவுக்கு அடையாளம் சிதைந்த காற்றறைகள். ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்வது, மற்றது அறுத்துப் பார்ப்பது. எங்க பாஷையில் சொன்னால், இரண்டும் வேறு வேறு காலம்கள். ஒரே ஆளுக்கு இரண்டிலும் டிக் விழலாம், ஒன்றில் மட்டும் விழலாம்.

அதற்கு முன்பே, 1955-இல், டோர்ன்ஹார்ஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் நோயாளிகளைப் பார்வையிலேயே இரண்டாகப் பிரித்திருந்தார். ஒல்லியாக, மேல்மூச்சு வாங்கினாலும் நிறம் மாறாதவர்கள் ஒரு வகை. உதடு நீலம் பாரித்து, கால் வீங்கியவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் படித்ததும் பெரியப்பா முகம்தான் வந்தது. ஆனால் நிஜத்தில் பெரும்பாலானோர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தார்கள்.

1963-இல் ஸ்வீடனின் மால்மோவில் நடந்தது இன்னும் சுவாரசியம். லாரெல், ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் சுமார் 1500 பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தில் ஒரு குறிப்பிட்ட கோடு மட்டும் இல்லை. எரிக்சனுடன் சேர்ந்து அந்த ஐந்து பேரின் விவரத்தைத் தேடினார். மூன்று பேருக்குக் கடும் நுரையீரல் நோய். நுரையீரலைக் காக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவு! புகை மட்டுமே காரணமில்லை, உடம்புக்குள்ளும் காரணம் இருக்கிறது என்பதற்கு அது கையில் கிடைத்த ஆதாரம்.

இவ்வளவு வகை தெரிந்தும் கடைசியில் ஜெயித்தது ஒரு எண்தான். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை வெளியே ஊத முடிகிறது என்பது. 1977-இல் ஃபிளெட்சரும் பீட்டோவும் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடம் அந்த எண் வயதோடு எப்படிச் சரிகிறது என்று காட்டியது. புகைப்பவர்களிலும் ஒரு பகுதியினருக்குத்தான் வேகமாகச் சரிகிறது, நிறுத்தினால் வேகம் குறைகிறது. பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அளந்தது லண்டனில் வேலை பார்த்த 792 பேரை. அத்தனை பேரும் ஆண்கள்.

2015-இல் லாங்கே குழுவினர் அந்த வரைபடத்தை மறுபடி சோதித்தார்கள். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எண் வேகமாகச் சரியவே இல்லை. இளவயதிலேயே அவர்கள் நுரையீரல் முழு அளவை எட்டியிருக்கவில்லை. ஒரே எண்ணுக்கு வந்து சேர இரண்டு பாதைகள்!

கோல்டு என்ற சர்வதேச வழிகாட்டி 2001-இல் நோயின் தீவிரத்தை அந்த ஒரு எண்ணை வைத்தே பிரித்தது. 2023-இல் காரணத்தை வைத்தும் வகை பிரித்தது: மரபணு, வளர்ச்சிக் குறை, சிகரெட், விறகுப் புகையும் காற்று மாசும், காசநோய் போன்ற தொற்றுகள், ஆஸ்துமா, காரணம் தெரியாதது.

இதைப் படித்த பிறகு பெரியம்மாவின் ஃபைலை மறுபடி புரட்டினேன். "புகைப்பழக்கம்: இல்லை" என்று இருந்தது. நாற்பது வருஷம் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதியதை எழுத அதில் கட்டமே இல்லை. உங்க வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.