மூன்று எண்களின் கதை: ரத்தம் சொல்வதும் சொல்லாததும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பொறுமையாகப் படிக்கவும்.

உங்களில் பலருக்கு இப்போது மாஸ்டர் செக்கப் எடுக்கிற வயது. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புகிறீர்கள். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., பி.எஸ்.ஏ. என்ற மூன்றில் ஒன்று கூடுதலாக இருந்தாலும் "சார், புராஸ்டேட் கேன்சரா?" என்று கேட்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, வரலாற்று வாத்தியார். ஆகவே இந்த எண்கள் பிறந்த கதையை மட்டும் சொல்கிறேன்.

1863-ல் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ, புற்றுக் கட்டிகளுக்குள் ரத்த வெள்ளை அணுக்கள் இருப்பதைக் கவனித்தார். நாள்பட்ட அழற்சி உள்ள இடத்தில்தான் புற்றுநோய் முளைக்கிறது என்று கருதினார். அழற்சி என்றால் புண்ணையோ கிருமியையோ எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டை. அந்தச் சண்டையை ரத்தத்தில் அளக்கும் வழி அன்று இல்லை.

வழி வந்தது 1897-ல். போலந்து மருத்துவர் பியர்னாட்ஸ்கி, நோயாளிகளின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் வேகமாக அடியில் படிவதைக் கண்டார். ஸ்வீடனின் ஃபோரேயஸ், வெஸ்டர்கிரென் இருவரும் 1918, 1921 ஆண்டுகளில் அதை முறையான சோதனையாக்கினார்கள். அதுதான் இ.எஸ்.ஆர். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பது, அவ்வளவே.

அடுத்தது சி.ஆர்.பி. 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது ஒரு பொருள் தோன்றியது, குணமானதும் மறைந்தது. முதலில் அது நிமோனியாவுக்கே உரியது போலத் தெரிந்தது. பிறகு பார்த்தால் மற்ற பல நோய்களிலும் அதே பொருள்! கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம் அது. பல் சீழ் பிடித்தாலும் ஏறும், மூட்டு வாதத்திலும் ஏறும். ஊருக்குள் புகை தெரிகிறது என்று சொல்லும். எந்த வீட்டில் என்று சொல்லாது.

பி.எஸ்.ஏ. கதை வேறு. அது புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் புரதம். 1970-ல் ரிச்சர்ட் ஆப்லின் புராஸ்டேட்டுக்கே உரிய ஒரு பொருளைப் பற்றி எழுதினார். 1979-ல் அமெரிக்காவின் பஃபலோ நகர ஆய்வாளர்கள் பி.எஸ்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். 1986-ல் அரசு அனுமதி கிடைத்தது எதற்கு? புற்றுநோய் ஏற்கெனவே உள்ளவர்களைக் கண்காணிக்க. நோயைக் கண்டுபிடிக்க உதவும் சோதனையாக அனுமதி வந்தது 1994-ல்தான். 4 என்பது எல்லைக்கோடு ஆயிற்று.

அந்தக் கோடு அவ்வளவு உறுதியானதல்ல. சுரப்பி வீங்கினாலும் ஏறும், கிருமி தொற்றினாலும் ஏறும். 4-க்கு மேல் வந்து பயாப்சி செய்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குப் புற்று இல்லை. மறுபக்கம், 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 4-ஐத் தாண்டாதவர்களிலும் 15 சதவீதம் பேருக்குப் பயாப்சியில் புற்று தெரிந்தது. எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்வது தவறு என்று ஆப்லினே 2010-ல் பத்திரிகையில் எழுதினார். அமெரிக்க நிபுணர் குழு 2012-ல் வேண்டாம் என்றது. 2018-ல் 55 முதல் 69 வயது வரை மருத்துவரிடம் பேசி அவரவர் முடிவு செய்யலாம் என்று மாற்றிக்கொண்டது.

என் மாணவர் ஒருவருக்கு 5.2 வந்தது. மூன்று நாள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சிறுநீரில் கிருமி என்று மருந்து கொடுத்து, சில வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். இறங்கிவிட்டது. எனக்கு அண்ணன் முறையான ஒருவர் கதை நேர் எதிர். சிறுநீர் அடைத்து அடைத்து வந்ததை வெட்கப்பட்டு இரண்டு வருடம் வீட்டில் சொல்லவே இல்லை. இடுப்பு வலி என்று போனபோது எலும்புக்குப் பரவியிருந்தது.

விர்ச்சோவின் எண்ணம் வீண் போகவில்லை. 1999-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், புராஸ்டேட்டில் அழற்சியோடு சேர்ந்து காணப்படும் ஒருவகைத் திசு மாற்றம் புற்றுக்கு முன்னோடியாக இருக்கலாம் என்றார்கள். புற்று முற்றியவர்களில் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தால் நோய் கடுமையாக இருக்கும் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நல்ல உடம்போடு இருப்பவருக்குச் சி.ஆர்.பி. ஏறியிருப்பதை வைத்துப் புராஸ்டேட் புற்று என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

வரலாறு கற்றுத் தருவது இதுதான்: ஒரு கேள்விக்காகப் பிறந்த சோதனையை வேறு கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணைப் பார்த்து நடுங்கவும் வேண்டாம், உடம்பு சொல்வதை மறைக்கவும் வேண்டாம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்திருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறீர்களா? பெரும்பாலும் அது வெறும் வீக்கம்தான். இருந்தாலும் வாய் திறந்து சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம்.

நலமுடன் இருங்கள்.

என்றும் உங்கள் வரலாற்று வாத்தியார்.