வந்தாறுமூலையில் ஆய்வும் நிதியும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் இறுதியாண்டு ஆய்வேட்டின் இடம்

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குள் நுழைபவர் பெரும்பாலும் இறுதியாண்டு ஆய்வேட்டின் வழியாகவே நுழைகிறார். சிறப்புப் பட்டம் படிக்கும் மாணவர் நான்காம் ஆண்டில் ஒரு மேற்பார்வையாளரின் கீழ் வினா ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆய்வுகூடத்திலோ வயலிலோ வாவிக்கரையிலோ ஊர்மனையிலோ தரவு திரட்டி எழுதிச் சமர்ப்பிக்கிறார். மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த மண், நீர், மக்கள் பற்றி ஆண்டுதோறும் புதிதாகத் திரளும் செய்திகளில் கணிசமான பங்கு இந்த ஏடுகளுக்குள்தான் கிடக்கிறது. ஆய்வு நிதி பற்றிய பேச்சோ இதற்கு மேலான ஒரு தளத்தில் நடக்கிறது. கொழும்பின் போட்டி மானியங்களும் உலக வங்கிக் கடன் திட்டங்களும் வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களுமே அங்கே பேசுபொருள். ஆய்வில் பங்கேற்போர் ஓரிடத்திலும் நிதி வேறோரிடத்திலும் நிற்கும் இந்த விலகல்தான் வந்தாறுமூலையின் அடிப்படைக் குறை. அதைச் சீராக்கப் பெரும்பணம் வேண்டியதில்லை, ஏற்பாடு மாறினால் போதும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பல்கலைக்கழகம் 1981 ஆகஸ்ட் 1 அன்று மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிற்று. நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில், வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில், பேராதனையின் அரவணைப்போடு விஞ்ஞானமும் விவசாயமும் மட்டும் முதலில் கற்பிக்கப்பட்டன. 1986 ஒக்டோபர் 1 முதல் அது முழுப் பல்கலைக்கழகம். வர்த்தக முகாமைத்துவம், கலை கலாசாரம், சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானம் ஆகிய பீடங்களும், திருகோணமலை வளாகமும், கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் பின்னர் சேர்ந்தன. இவற்றில் பெரும்பாலானவை போருக்கு நடுவே முளைத்தவை. அக்காலத்தில் கொழும்பும் பேராதனையும் கருவிகளையும் பழைய மாணவர் வலையையும் சேர்த்துக்கொண்டிருக்க, வந்தாறுமூலை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. தேசிய மானியங்களுக்கான போட்டியில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குவதாகக் கொள்வது இந்த வரலாற்றை மறப்பதாகும்.

இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதத்தையே ஆய்வுக்கும் விருத்திக்கும் செலவிடுகிறது. தென்கொரியா 4 சதவீதத்துக்கு மேல் செலவிடுகிறது. இந்தச் சிறு குளத்திலிருந்து நீர் பாயும் வாய்க்கால்கள் சில. 1981இல் அமைந்த இயற்கை வளங்கள், சக்தி, விஞ்ஞான அதிகார சபையின் வழிவந்த தேசிய விஞ்ஞான மன்றம் ஒன்று. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய ஆராய்ச்சிப் பேரவை மற்றொன்று. விவசாயத்துக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான விவசாய ஆராய்ச்சிக் கொள்கைச் சபை உண்டு. இவை தனி ஆய்வாளரை, அதாவது கலாநிதிப் பட்டமும் வெளியீட்டுப் பட்டியலும் உள்ள முதன்மை ஆய்வாளரை, மையமாகக் கொண்டவை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் முடியும் திட்டத்துக்கே பணம் கிடைக்கும். மானியத்தில் ஆய்வு உதவியாளர் ஒருவருக்குப் படி கிடைப்பதால், அவர் அதைக் கொண்டு முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்துகொள்ள முடிகிறது. பட்டம் முடித்த கிழக்கு மாணவருக்கு உள்ளூரில் கிடைக்கும் மிக நல்ல ஆய்வு வாய்ப்பு இதுவே. ஆனால் அது ஒரு மானியத்துக்கு ஒருவர் என்ற அளவில் நின்றுவிடுகிறது.

உலக வங்கியின் துணையோடு நடந்த திட்டங்கள் அளவில் பெரியவை. 2010இல் தொடங்கிய ‘இருபத்தோராம் நூற்றாண்டுக்கான உயர்கல்வி’ 4 கோடி டொலர். 2017இல் தொடங்கிய ‘அகெட்’ 10 கோடி டொலர். இரண்டாவதில் வளர்ச்சி நோக்கிய ஆய்வுக்கென்றே தனி மானியம் இருந்தது. கட்டடமும் கருவியும் பயிற்சியும் இவற்றால் வந்தன. திட்டம் முடிந்ததும் கருவிக்கு உதிரிப்பாகமும் இரசாயனமும் வாங்க எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது என்ற கேள்வி எழுந்தது. 2022இல் ரூபாய் சரிந்து, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியபோது அந்தக் கேள்வி கூர்மையாயிற்று.

விரிவுரையாளர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தின் ஒரு விகிதமாக ஆய்வுப்படியும் உண்டு. ஆய்வுமுன்மொழிவு கொடுத்தால் மாதந்தோறும் கிடைக்கும் இந்தப் படி, பெயரில் ஆய்வாக இருந்தாலும் செயலில் சம்பள உயர்வுதான். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சம்மேளனம் கல்விக்கு உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கோரி மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த பின்னணியில் பார்த்தால், சம்பளத்தோடு ஆய்வைக் கட்டியதன் காரணம் விளங்கும். அந்தப் பணம் தோணிக்கூலியாகவோ மாதிரிப் போத்தலாகவோ மாறவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. இறுதியாண்டு மாணவருக்கோ துறை தரும் சிறு பொருளுதவிக்கு அப்பால் கையில் இருப்பது மகாபொல புலமைப்பரிசில் அல்லது உதவித்தொகை. 1981இல் தொடங்கிய மகாபொல சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்குமாக வகுக்கப்பட்டது. களப்பயணச் செலவு அதற்குள் புகும்போது களம் சுருங்குகிறது. வாகரைக்கோ வெல்லாவெளிக்கோ போகவேண்டிய ஆய்வு செங்கலடிச் சந்தையோடு நின்றுவிடுவதற்கு மாணவரின் சோம்பலைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

பணத்தின் அளவை விட அதன் நாட்காட்டி இன்னும் பொல்லாதது. அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. செலவாகாத ஒதுக்கீடு திறைசேரிக்குத் திரும்பும். கிழக்கில் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் கடைசியில் தொடங்கிப் பெப்ரவரி வரை நீள்கிறது. மாரி வேளாண்மை, வாவியின் வெள்ளம், முகத்துவாரம் திறப்பது, நன்னீர் உவர்நீர் மாற்றம் எல்லாம் அந்த மாதங்களில்தான் நடக்கின்றன. ஆகவே நிதியாண்டு ஆய்வுக்காலத்தைச் சரிபாதியில் வெட்டுகிறது. ஆண்டின் பிற்பகுதியில் விடுவிக்கப்படும் பணத்துக்கு விலைமனு கோரி, கொள்முதல் குழு கூடி, கருவி வந்து சேரும்போது வெள்ளம் வடிந்திருக்கும். மேற்கு ஈரவலயத்துக்கு இந்த நாட்காட்டி இவ்வளவு இடர் தருவதில்லை. அங்கே தென்மேல் பருவக்காற்று மே மாதத்திலேயே வந்துவிடுகிறது. இது யாரும் திட்டமிட்டுச் செய்த பாகுபாடு அன்று. கொழும்பின் ஆண்டுக்கணக்கு கிழக்கின் மழையைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முகத்துவாரத்தை எடுத்துக்கொண்டால் இதன் விலை தெரியும். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலும் தெற்கே பெரியகல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு கலக்கிறது. கோடையில் மணல் திட்டு வாயை அடைக்கும். மாரியில் முந்தனையாறு முதலிய ஆறுகளின் வெள்ளமும் உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வான்நீரும் வாவிக்குள் இறங்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரை விவசாயிக்கு வயலில் நீர் நிற்கிறது, முகத்துவாரத்தை உடனே வெட்டவேண்டும். கிழக்கே, எழுவான்கரை மீனவருக்கோ நேரம் தவறி வெட்டினால் நீர்மட்டம் சட்டென இறங்கி இறாலும் குஞ்சு மீனும் கடலோடு போய்விடும் என்ற பயம். எந்த நீர்மட்டத்தில், எந்த நாளில், எவ்வளவு அகலத்தில் வெட்டுவது என்பது ஆண்டுதோறும் கச்சேரிக் கூட்டத்தில் எழும் வாக்குவாதம். அதைத் தீர்க்கப் பத்து இருபது ஆண்டுகளின் தொடர்ச்சியான நீர்மட்ட, உவர்த்தன்மை, மீன்பிடி அளவீடு வேண்டும். இரண்டாண்டு மானியம் எதுவும் அதைத் தராது.

ஒடிசாவின் சிலிக்கா ஏரியில் இது சாத்தியமாயிற்று. மணல் படிந்து வாய் அடைபட்டு, உவர்த்தன்மை குன்றி, நீர்க்களை பெருகியதால் சிலிக்கா 1993இல் ராம்சர் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலில் ஏறியது. தனியான அபிவிருத்தி அதிகாரசபை அமைத்து, நீரியல் ஆய்வுகளின் அடிப்படையில் 2000 செப்டெம்பரில் புதிய வாய் திறந்தார்கள். மீன்வளம் மீண்டு, 2002இல் ஏரி அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. சிலிக்கா பல மடங்கு பெரியது, அதற்குப் பின்னால் ஒரு மாநில அரசு நின்றது. இருந்தாலும் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் இடைவிடாமல் அளந்தார்கள் என்பதே அங்கே கற்கவேண்டியது. மட்டக்களப்பில் அளப்பதற்கு ஆண்டுதோறும் புதிய கைகள் வருகின்றன. ஒவ்வொரு கையும் புதிய இடத்தில், புதிய முறையில் அளந்துவிட்டுப் போவதால் முந்திய ஆண்டோடு ஒப்பிட முடிவதில்லை.

பங்கேற்பு என்பதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. ஆய்வு யாரைப் பற்றியதோ அவர்கள் அதில் என்னவாக இருக்கிறார்கள் என்ற கேள்வி அது. இந்த வளாகத்தில் அந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. 1990இல் வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாக இருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 5 அன்று அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. வடக்கு கிழக்கில் காணாமற்போனோர் பற்றி விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு இதனைப் பதிவு செய்திருக்கிறது. பெயர் எழுதுவதும் கையொப்பம் வாங்குவதும் எப்படி முடியக்கூடும் என்பதை இப்பகுதிக் குடும்பங்கள் அறிந்திருக்கின்றன. ஒப்புதல் படிவத்தில் ஒரு தாய் கையொப்பமிடத் தயங்குவதை எழுத்தறிவுக் குறைவாகவோ ஆய்வின் அருமை தெரியாமையாகவோ எழுதிவைக்கும் ஆய்வேடு தன் களத்தை அறியாதது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கல்லடி, நாவலடி, திராய்மடு முகாம்களை நாடிக் கணக்கெடுப்போர் வரிசையாக வந்தார்கள். மருத்துவர்களான அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005இலேயே ‘லான்செட்’ இதழில் சுனாமிக்குப் பிந்திய இலங்கையின் ஆய்வு அறம் பற்றி எழுதவேண்டியிருந்தது. துயரத்தை எடுத்துக்கொண்டு போவோர் திரும்பி வந்து என்ன கண்டோம் என்று சொல்வதில்லை என்ற குறை இன்றும் கரையோரத்தில் கேட்கிறது. நெறிமுறைக் குழு மருத்துவ ஆய்வுகளோடு நின்றுவிடாமல் சமூக ஆய்வுகளையும் பார்க்கவேண்டியதன் காரணம் இது.

ஊரவரும் பங்குகொள்ளும் ஆய்வுக்கு முன்மாதிரி தேடி வெளியூர் போகவேண்டியதில்லை. 1960களில் பேராதனையிலிருந்து சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைத் தேடி வந்து, அண்ணாவிமார்களின் துணையோடு கர்ணன் போர், இராவணேசன் போன்றவற்றை மேடையேற்றினார். அதில் நடித்த சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களையே கலாநிதி ஆய்வாக்கி, கிழக்குப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையை வளர்த்தெடுத்தார். ஊர் கொடுத்தது, பல்கலைக்கழகம் செப்பனிட்டது என்பதே அந்தக் காலத்து உறவு. 2000களில் அதே பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இதைப் புரட்டிப் போட்டது. சீலாமுனையில் கூத்தாடுவோரே தங்கள் கூத்துப் பிரதியில் பெண்ணும் சாதியும் சித்திரிக்கப்படும் விதத்தை விவாதித்து மாற்றினார்கள். களரியும் ஊரில்தான் நடந்தது. பல்கலைக்கழகத்தவர் அதில் ஒரு தரப்பு மட்டுமே. பெரும் மானியம் எதிலும் தங்காமல் நடந்த இந்தப் பங்குகொள் ஆய்வு, வளாகத்திலிருந்து புறப்பட்ட ஆய்வுகளில் மிகத் தனித்துவமானவற்றுள் ஒன்று. விஞ்ஞானப் பீடங்கள் இதைக் கலைக்காரர்களின் வேலை என்று ஒதுக்கியிருப்பது இழப்பு. வாவியில் அத்தாங்கு போடுபவரும் வலை வீசுபவரும் நீர் மாறுவதை எந்த உவர்மானிக்கும் முன்பே அறிகிறார்கள். அவர்களின் நாட்குறிப்பும் தரவுதான்.

எனவே செய்யவேண்டியது ஆய்வேடுகளைத் தொடராக்குவது. துறை ஒவ்வொன்றும் நீண்டகால வினாக்கள் சிலவற்றை வகுத்து, நிலையான அளவிடங்களையும் முறையையும் எழுதிவைத்து, ஆண்டுதோறும் வரும் மாணவர் முந்தியவரின் தரவின் மேல் தன் வினாவைக் கட்டவேண்டும். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகம் 1969 முதல் இளநிலை மாணவரையும் ஆய்வுக் குழுவின் உறுப்பினராகக் கொண்டு, ஊதியமோ பாடப் புள்ளியோ வழங்கி வருகிறது. அங்கே மாணவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வில் ஏறிக்கொள்கிறார். வந்தாறுமூலையில் ஒவ்வொருவரும் தோணியைப் புதிதாகச் செதுக்கவேண்டியிருக்கிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். இளநிலை மாணவரின் அளவீட்டை நம்ப முடியாது என்பது ஒன்று. ஒரே முறையில் ஒரே இடத்தில் பலர் அளக்கும்போது பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். தனித்தனி ஆய்வேட்டில்தான் பிழை ஒளிந்துகொள்ளும். மாணவரின் தேடல் சுதந்திரம் பறிபோகும் என்பது மற்றது, இது கனமானது. தொடருக்குள் வர விரும்பாதவருக்கு வழி திறந்தே இருக்கவேண்டும். ஆனால் பணமும் கருவியும் இல்லாமல் தலைப்பை மட்டும் தேர்ந்துகொள்ளும் உரிமை மெலிந்த சுதந்திரம்.

நிதிக்கும் வழி உள்ளேயே இருக்கிறது. வெளிவாரிப் பட்டங்களாலும் கட்டணப் பட்டமேற்படிப்புகளாலும் பல்கலைக்கழகம் தானே ஈட்டும் பணம் திறைசேரி ஒதுக்கீட்டைப் போல டிசம்பர் 31 உடன் காலாவதியாவதில்லை. அதில் ஒரு சிறு பங்கைக் களச் செலவு நிதியமாக ஒதுக்கி, செப்டெம்பரில் வழங்கி மார்ச்சில் கணக்குக் கேட்டால் மாரி முழுவதும் கைக்குள் வரும். தோணிக்கூலி, பஸ் செலவு, மாதிரி போத்தல், மீனவருக்கான நாட்படி ஆகியவற்றுக்கு விலைமனு வேண்டாத சிறு முற்பணமே போதும். முடிவுகளை மீனவர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் தமிழில் சொல்வதை மதிப்பீட்டின் ஒரு பகுதியாக்கவேண்டும். தரவையும் ஏட்டையும் துறை அலுமாரியில் பூட்டிவைக்காமல் நூலகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் இடவேண்டும். பத்தாண்டுத் தொடர் ஒன்று கையில் இருந்தால் தேசிய விஞ்ஞான மன்றத்துக்கு எழுதும் முன்மொழிவின் பலமும் வேறாக இருக்கும். இவற்றில் எதற்கும் புதிய சட்டமோ கொழும்பின் அனுமதியோ வேண்டியதில்லை. பீடச் சபைகளும் மூதவையும் தீர்மானித்தால் அடுத்த மாரிக்கே தொடங்கலாம்.