விளிம்புக் காப்பு

பேலட்டில் அடுக்கிய சரக்கின் மூலைகளில், கட்டும் பட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே வைக்கப்படும் ‘ட’ வடிவத் துண்டு. பெரும்பாலும் கிராஃப்ட் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வார்கள், பிளாஸ்டிக்கிலும் உண்டு.

பட்டையை இறுக்கும்போது பெட்டியின் தட்டையான பக்கத்தில் அழுத்தம் அநேகமாக இல்லை. முழு விசையும் பட்டை வளையும் விளிம்பில்தான் குவிகிறது. அட்டைப்பெட்டி அங்கே நசுங்கினால் கட்டு தளரும். தளர்ந்த கட்டு லாரிக் குலுக்கலில் சாயும். விளிம்புக் காப்பு அந்த விசையை நீளவாக்கில் பரப்புகிறது. வழவழப்பான காப்பின் மேல் பட்டை எளிதில் நழுவுவதால் நான்கு பக்கமும் இறுக்கம் ஓரளவு சமமாகிறது.

சென்னைத் துறைமுகம் வழியே செல்லும் கிரானைட் பலகைகளில் நிலைமை தலைகீழ். அங்கே கல்லின் கூர்விளிம்பு பட்டையை அறுத்துவிடும். காக்க வேண்டியது பட்டையைத்தான்.

சென்னையின் கரையோரத்தில் கடற்காற்றின் ஈரம் பெரும் பகை. ஈரம் ஏறிய அட்டையின் தாங்குதிறன் வெகுவாகக் குறையும். தாள் காப்பும் அதற்கு விலக்கல்ல. மழைக்காலத்தில் அதைத் தரையில் போட்டுவைப்பது வீண் செலவு.

ஏற்றுமதிக்கான மரப் பேலட்டை, ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு விதிப்படி வெப்பமூட்டிப் பதப்படுத்துவதென்றால், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைக்க வேண்டும். மரச்சட்டத்தை மூலையில் வைத்தாலும் இதே விதி வரும். தாள் காப்புக்கு அது பொருந்தாது.

காப்பு சரக்கின் முழு உயரத்துக்கும் இருக்க வேண்டும். பட்டைக்கு அடியில் மட்டும் துண்டு வைப்பது அரைகுறைப் பாதுகாப்பே.