வட்டில், பால்மா டின், சிலிக்கோன்: எங்கள் வீட்டு முட்டைப் பாத்திரங்களின் கதை

பதிவு நீளம். தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் கத்தாரில் இருக்கும் மச்சான் அனுப்பிய பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் ஒரு பொதி கிடந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லாம் சிலிக்கோன் சாமான். மூடி போட்ட முட்டைக் கிண்ணம் நான்கு, முட்டை பொரிக்கிற வளையம் இரண்டு, ஏழு குழி வைத்த தட்டு ஒன்று. உம்மா ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்து முறுக்கினார், விட்டார், அது பழைய வடிவத்துக்குத் திரும்பியது. "செருப்படி மாதிரிக் கிடக்கு. இதுக்குள்ளயா முட்டை?" என்றார்.

உம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. 1969இல் நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் கால் வைத்தபோது அவர் போட்டிருந்த சப்பாத்தின் அடி சிலிக்கோன் றப்பரில் செய்தது. கடும் சூட்டுக்கும் கடும் குளிருக்கும் அசையாத பொருள் அது. செருப்படியாகச் சந்திரனுக்குப் போய்விட்டுத்தான் இது குசினிக்குள் வந்திருக்கிறது.

வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிலிக்கனையும் சிலிக்கோனையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள். சிலிக்கன் ஒரு மூலகம், மணலுக்குள் இருப்பது. சிலிக்கோன் அந்த மூலகத்தை ஒட்சிசனோடும் காபன் கூட்டங்களோடும் சங்கிலியாகக் கோத்து மனிதன் செய்தது. இங்கிலாந்தில் நொட்டிங்காமில் பிரெடெரிக் கிப்பிங் என்ற பேராசிரியர் 1900களின் தொடக்கத்தில் இருந்து பல பத்தாண்டுகள் இந்தச் சேர்வைகளோடு மாரடித்தார். பெயர் வைத்தவரும் அவர்தான். ஆனால் 1936இல் ஆற்றிய ஒரு பெரிய விரிவுரையில், இந்தத் துறையில் உடனடியாக முக்கியமான முன்னேற்றம் ஏதும் வரும் என்று நம்ப இடமில்லை என்ற கருத்தில் பேசினார். நாலு வருசம்தான். 1940இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியில் யூஜின் ரோக்கோ, சிலிக்கன் தூளை மெதைல் குளோரைட் வாயுவோடு செம்பை ஊக்கியாக வைத்துச் சூடாக்கி, பெருமளவில் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். 1943இல் டவ் கோர்னிங் கம்பனி தொடங்கியது. உலக யுத்த காலம், விமான இயந்திரங்களில் ஈரம் புகாமல் அடைப்பதற்குத்தான் முதலில் கேட்டு வாங்கினார்கள். தன் ஆயுள் உழைப்பைப் பற்றித் தானே கைவிரித்த கிப்பிங்கை நினைத்தால் எங்களுக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கிறது.

மணல் என்றதும் இன்னொன்று. இலங்கையில் நல்ல சிலிக்கா மணல் கிடைக்கிற இடங்கள் என்று புவியியல் பாடத்தில் எழுதுவதில் ஒன்று வடமராட்சியின் அம்பன், வல்லிபுரம் பகுதி. மற்றது புத்தளம் மாவட்டத்தின் நாத்தாண்டியாப் பகுதி. எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டு பெயரும் ஒரே வரியில் வரும்போது மனம் ஒரு கணம் நிற்கும். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

முதலில் வளையம். தாச்சியில் எண்ணெய் விட்டு வளையத்தை வைத்து முட்டையை உடைத்து ஊற்றினோம். வெள்ளைக்கரு வளையத்துக்கு அடியால் நாலு பக்கமும் ஓடியது. காரணம் தேட வேண்டியதில்லை. இந்த வளையம் தட்டையான சட்டி வைத்திருக்கும் ஊருக்காகச் செய்தது. எங்கள் தாச்சியின் அடி குழி. குழியான அடியில் தட்டை வளையம் எப்படி உட்காரும்? இரண்டாவது முட்டையோடு நிறுத்திவிட்டோம். முட்டை விலை அப்படி. 2023இல் வெள்ளை முட்டை 44 ரூபா, சிவப்பு முட்டை 46 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை போட்டதும், இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியதும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் முட்டையை வைத்து விளையாடுவதில்லை.

மூடிக் கிண்ணம் அடுத்தது. கோதை உடைத்து முட்டையை உள்ளே ஊற்றி மூடி, கொதிதண்ணீரில் மிதக்க விட வேண்டும். அவித்தபின் கோது உரிக்கிற வேலை இல்லை என்பது கதை. ஒரு கிண்ணம் சரிந்து தண்ணீர் குடித்தது. மற்றதில் பத்து நிமிடத்தில் அவிய வேண்டிய முட்டை பதினாறு நிமிடத்துக்குப் பிறகும் நடுவில் கண்ணீர்போல நின்றது. இதுவும் பாடப் புத்தக விசயம்தான். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் சிலிக்கோன் வெப்பத்தைக் கடத்துவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. வெள்ளைக்கரு 60 பாகை தாண்டி இறுகத் தொடங்கும், மஞ்சள்கரு 65 முதல் 70க்குள் இறுகும். தண்ணீர் 100இல் கொதித்தாலும் அந்தச் சூடு தடித்த சுவரைத் தாண்டி உள்ளே போக நேரம் எடுக்கும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாங்கள், கோது உரிக்கிற அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்க ஆறு நிமிட காஸைக் கொடுப்போமா?

இயற்கை கொடுத்த கோதே முட்டைக்கு முதல் பாத்திரம். எங்கள் பக்கத்தில் பெரியபிள்ளையான பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அந்தக் கோதாலேயே நல்லெண்ணெய் அளந்து கொடுப்பார்கள். சோனகத் தெருவிலும் அப்படித்தான், நல்லூரிலும் அப்படித்தான். அளவுச் சாடி, கரண்டி ஒன்றும் தேவைப்படவில்லை.

வளைகிற பாத்திரமும் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. நீத்துப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். பனையோலையால் கூம்பாக இழைத்தது. புட்டு மாவை நிரப்பி ஆவியில் வைப்போம். ஓலை சூட்டை இலகுவில் கடத்தாது, ஆகையால் விளிம்பைக் கையால் பிடித்துத் தூக்கலாம். கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினால் புட்டு உடையாமல் விழும். கூழ் குடிக்கிற பிளாவும் மடித்த ஓலைதான். சிலிக்கோன் விளம்பரத்தில் சொல்கிற குணங்களில் முக்கால்வாசி எங்கள் பனைமரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்றே ஒன்று குறை, ஓலைக்குள் முட்டைக் கலவையை ஊற்ற ஏலாது, ஒழுகிவிடும். அதற்குத்தான் வட்டில் வேண்டும்.

வட்டில் என்றால் கிண்ணம். வட்டிலாப்பம் என்ற பெயரே வட்டிலில் அவித்த அப்பம் என்பதிலிருந்து வந்ததென்று பொதுவாகச் சொல்வார்கள். பாத்திரத்தின் பெயரைப் பலகாரத்துக்கு வைத்த சமூகம் நாங்கள். இதை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர் காலத்தில் வந்த மலாயர்கள் என்பது பலருடைய கருத்து. இலங்கை மலாயர் வீடுகளில் இதற்கு சிறிகாயா என்று பெயர், தென்கிழக்காசியாவில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்ந்த பண்டத்துக்கும் அதே பெயர்தான். மலாயருடையதா சோனகருடையதா என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் சண்டை பிடிக்கிறவர்களுக்கு எங்கள் பதில்: சமையல் மலாயருடையது, பெயர் தமிழ், தேங்காயும் கருப்பட்டியும் இந்த மண். சண்டையை விட்டுவிட்டு ஒரு துண்டு சாப்பிடுங்கள்.

எங்கள் உம்மம்மாவிடம் ஒரு வட்டில் இருந்தது. பித்தளை, உள்ளே ஈயம் பூசியது, விளிம்பில் ஒரு நெளிவு. உம்மம்மாவின் கணக்கில் கிராமும் இல்லை, கோப்பையும் இல்லை. அந்த வட்டில்தான் அளவு. நெளிவு வரைக்கும் ஊற்றினால் பத்து முட்டைக் கலவை, நெளிவுக்கு ஒரு விரல் கீழே என்றால் எட்டு. கருப்பட்டிப் பாணியும் பாலும் அதற்கேற்றாற்போல.

1990 ஒக்டோபர் 30. அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்துக்கு ஒலிபெருக்கியில் அழைக்கப்பட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும், கையில் 150 ரூபாவுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லப்பட்டது. அந்த ஒக்டோபரில் வடக்கு முழுவதிலும் இருந்து ஏறக்குறைய 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பலர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், நாங்களும் முன்பு எழுதியிருக்கிறோம், இங்கே திரும்பச் சொல்லவில்லை. உறுதிப்பத்திரம், நகை, பிள்ளைகளின் சான்றிதழ் பற்றியெல்லாம் பேசியவர்கள் குசினி பற்றிப் பேசவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் எந்தப் பெண் வட்டிலை எடுப்பாள்? அன்று காலை எங்கள் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு வந்ததா இல்லையா என்று உம்மம்மா புத்தளத்தில் பல வருசம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

புத்தளத்தில் ஓலைக் கொட்டில். 1991 ஏப்ரலில் முதல் நோன்புப் பெருநாள் வந்தது. அங்குள்ள ஒரு ராத்தா ஐந்து முட்டை கொடுத்தார். கருப்பட்டி கொஞ்சம், தேங்காய் ஒன்று. வட்டில் இல்லை. உம்மா ஒரு வெறும் பால்மா டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வாய்ப்பக்கத்துக் கூர்விளிம்பைக் கல்லால் தட்டி மடக்கி, அதற்குள் கலவையை ஊற்றி, வாழையிலையால் மூடிக் கட்டி, பானைத் தண்ணீருக்குள் இறக்கினார். டின் தகரம் மெல்லியது. சூடு சட்டென்று ஏறிவிட்டது. ஓரமெல்லாம் தேன்கூடு போலத் துளை, அடியில் தண்ணீர் விட்டிருந்தது. முட்டைக்குள் பாலும் இனிப்பும் சேர்ந்தால் தனி முட்டையை விடக் கூடிய சூட்டில், 80 பாகைக்கு அங்காலே போய்த்தான் இறுகும். அதையும் தாண்டி வேகமாகச் சூடேறினால் துளை விழுந்து நீர் கக்கும். இது எங்களுக்கு இப்போது தெரியும். அன்று நாங்கள் பிள்ளைகள், அந்தத் துளைகளுக்குள் பாணி தேங்கி நின்றதுதான் ருசி என்று நினைத்தோம். உம்மம்மா ஒரு வாய் எடுத்து, "வட்டில் இல்லாத வட்டிலாப்பம்" என்று மட்டும் சொன்னார். அவர் புத்தளத்திலேயே மௌத்தானார்.

2002இல் ஏ9 பாதை திறந்தபின் பார்க்க வந்தோம். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, குசினிச் சுவரில் பழைய கரி மட்டும் இருந்தது. பித்தளைச் சாமான் ஒன்றுமே இல்லை. 2009க்குப் பிறகு திரும்பிக் குடியேறியபோது அலுமினியச் சட்டி வாங்கினோம். பிறகு எவர்சில்வர். எதிலும் நெளிவு இல்லை. உம்மா கண்ணளவில் சமாளித்துக்கொண்டு வந்தார்.

இப்போது உம்மாவுக்கு 72 வயது. கை நடுங்குகிறது. போன பெருநாளுக்கு இட்லிப் பானைக்குள் இருந்து சூடான எவர்சில்வர் சட்டியைப் பிடிதுணியோடு தூக்கும்போது சரிந்து, மணிக்கட்டில் ஆவி பட்டுக் கொப்பளம் போட்டது. "இனி நீங்களே செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். மச்சான் பெட்டி அனுப்பியதே அதைக் கேள்விப்பட்டுத்தான்.

ஆகவே ஏழு குழித் தட்டு. ஆறு முட்டை, கருப்பட்டிப் பாணி, முதற்பால், ஏலம். உம்மா வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு சொல்ல, நாங்கள் செய்தோம். குழிகளை முக்கால்வாசி நிரப்பி, மேலே ஒரு துணி கட்டினோம். மூடியில் இருந்து சொட்டுகிற ஆவித்தண்ணீர் கலவையில் விழக் கூடாது. இருபத்தைந்து நிமிடத்தில் இறுகிவிட்டது. தட்டின் விளிம்பு வெறுங்கையால் தொடக்கூடிய சூட்டுக்குச் சீக்கிரம் ஆறியது. உம்மா தானே ஒரு குழியை அடியால் அமுக்கினார். வட்டிலாப்பம் அப்படியே வழுக்கிக்கொண்டு தட்டத்தில் விழுந்தது. ஒட்டவில்லை, உடையவில்லை, ஒரு துளைகூட இல்லை. கிண்ணத்தில் முட்டையைச் சதி செய்த அதே மெதுவான சூடு இங்கே உதவிக்கு வந்திருக்கிறது.

"அழகாத்தான் இருக்கு. ஆனா பாணி எங்க நிக்கிறது?" என்றார் உம்மா. துளை வேண்டுமாம். டின்னில் அவித்த அந்தத் துளை! முப்பது வருசத்துக்கு மேல் அலுமினியத்திலும் எவர்சில்வரிலும் அடுப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்து அவர் அதைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விசயம். வாசனைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம். சிலிக்கோன் எண்ணெயையும் மணத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எங்கள் இரண்டாவது தடவை வட்டிலாப்பம் எலுமிச்சைச் சவர்க்கார மணத்தோடு வந்தது. பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். கொதிதண்ணீரில் போட்டு எடுத்தபின் குறைந்தது. மற்றது, விறகடுப்பு நெருப்போ காஸ் சுவாலையோ நேரே படக் கூடாது. 220 பாகை வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, ஆவியில் அவிக்கும்போது 100ஐத் தாண்டாது, பயமில்லை. சுவாலை வேறு கதை. வளையம் ஒன்றின் ஓரம் எங்கள் கவனக்குறைவால் எரிந்தது. தார் போல உருகவில்லை, வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. அந்தத் தூள் சிலிக்கா. மணலில் இருந்து வந்தது மணலாகப் போனது. அதை ஒரு கடதாசியில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டினோம்.

இந்தப் பெருநாளுக்குத் தட்டும் வைப்போம், எவர்சில்வர்ச் சட்டியும் வைப்போம். சட்டியைத் தூக்குவது எங்கள் வேலை, அடுப்பைக் கூட்டுவது உம்மாவின் வேலை. சோனகத் தெரு, பெரிய முஹிதீன் பள்ளிவாசல் பக்கத்துப் பழைய குடும்பங்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு கேள்வி: விளிம்பில் ஒரே ஒரு நெளிவு வைத்த பித்தளை வட்டில் உங்கள் வீட்டிலும் இருந்ததா? இருந்தால் வாய் எத்தனை விரற்கடை அகலம் என்று உங்கள் உம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். உம்மாவுக்கு எட்டு என்று ஞாபகம். சாச்சி ஒன்பது என்கிறார்.