உதரத்தின் அழுத்தமும் சிறுநீரகமும்

1901-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஹாம்பர்க் நகரில் கூடிய ஜெர்மானிய விஞ்ஞானிகள், வைத்தியர்கள் மகாநாட்டில், டிரெஸ்டனைச் சேர்ந்த கெயோர்க் கெல்லிங் என்னும் வைத்தியர், நாய் ஒன்றின் வயிற்றுக்குள் பஞ்சினால் வடிகட்டிய காற்றைச் செலுத்தி, உப்பிய உதரத்தில் துளையிட்டு, சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் காண்பதற்கென்று மாக்ஸ் நிட்ஸே அமைத்திருந்த நோக்குக் குழாயை அதன் வழியே நுழைத்து, உள்ளுறுப்புகளைப் பிரத்தியட்சமாகக் கண்டார். இன்று லாப்ராஸ்கோப்பி என்று வழங்கும் துளைவழிச் சிகிச்சையின் சரித்திரம் இங்கேதான் தொடங்குகிறது. கெல்லிங்கை இதில் இறக்கிய சிந்தனை வேறொன்று: வயிற்றினுள் ரத்தம் பெருகி மாண்டுபோகும் நோயாளிகளைக் காக்க, உதரத்தைக் காற்றால் இறுக நிரப்பினால், அந்த அழுத்தமே குழாய்களை நெருக்கி ரத்தப் பெருக்கை நிறுத்திவிடும் என்று அவர் நம்பினார். அத்தகைய அழுத்தத்தில் உறுப்புகள் என்ன ஆகின்றன என்று பார்க்கவே குழாயை உள்ளே விட்டார்.

ரத்தத்தை நிறுத்த வல்ல அழுத்தம், கசியும் குழாயை மட்டும் தேர்ந்தெடுத்து நெருக்குமா? இதயம் செலுத்தும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைப் பெறும் சிறுநீரகங்கள், உதரத்தின் பின்சுவரை ஒட்டி அமைந்திருக்க, அவற்றின் மெல்லிய சிரைகள் அந்த நெருக்குதலுக்குத் தப்புவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை அப்பொழுதே ஓரளவு இருந்தது. உதர அழுத்தம் ஏறினால் சிறுநீர் சுரப்பது குறைகிறது என்று 1876-லேயே வெண்ட் என்னும் ஜெர்மானியர் எழுதியிருந்தார். 1923-இல் அமெரிக்காவில் தாரிங்டன், ஷ்மிட் என்ற இருவர், மகோதரம் கண்ட நோயாளி ஒருவரின் வயிற்றிலிருந்து நீரை இறக்கியதும் அவருக்குச் சிறுநீர் தாராளமாகப் பிரிந்ததைக் கவனித்து, நாய்களிடம் பரிசோதனை நடத்தி, பாதரச அளவில் 15 முதல் 30 மில்லிமீட்டர் வரையுள்ள அழுத்தத்தில் சிறுநீர் அருகிப்போவதையும், 30-ஐத் தாண்டினால் அறவே நின்றுவிடுவதையும் நிலைநாட்டினர். 1947-இல் பிராட்லி தம்பதியர், ஆரோக்கியமான 17 மனிதர்களின் உதர அழுத்தத்தை 20 மில்லிமீட்டருக்கு உயர்த்தி, சிறுநீரகத்தின் ரத்த ஓட்டமும் வடிகட்டும் சக்தியும் குன்றுவதைக் காட்டினர்.

இத்தனையும் அச்சேறியிருந்தும், துளைவழிச் சிகிச்சை செய்தோர் நெடுங்காலம் இவற்றைப் பொருட்படுத்தாமைக்குக் காரணம், என் கருத்தில், அவர்களிடம் வந்த நோயாளிகளே. பாரிஸில் ரவுல் பால்மரும், ஜெர்மனியில் வாயு செலுத்தும் தானியங்கிக் கருவியை அமைத்த குர்ட் செம்மும் மகளிர் மருத்துவர்கள். அவர்கள் மேஜையில் படுத்தவர்கள் பெரும்பாலும் திடகாத்திரமான இளம் பெண்கள். வேலையும் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். சற்றுச் சோர்ந்த சிறுநீரகம், வாயு வெளியேறியதும், எவர் கண்ணிலும் படாமல் தேறிவிட்டது. அழுத்தத்தின் கொடுமையை அறிந்தவர்களோ வேறு கூட்டத்தார்: 1982-இல் ஹார்மனும் அவருடைய சகாக்களும், 20 மில்லிமீட்டர் அழுத்தத்தில் நாயின் சிறுநீரகம் வடிகட்டும் அளவு கால் பங்கிற்கும் கீழே இறங்குவதையும், திரவம் ஏற்றி இதயத்தின் ஓட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின்னும் சிறுநீரகம் மட்டும் தேறாததையும் கண்டனர். குற்றம் இதயத்தின்மேல் மட்டும் இல்லை, சிறுநீரகமும் அதன் சிரையும் நேராகவே நசுங்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

1985-இல் ஜெர்மானிய வைத்தியர் எரிக் மூஹே துளைவழியே பித்தப்பையை எடுத்தார்; 1990-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரால்ஃப் கிளேமன், முதிய மாது ஒருவரின் சிறுநீரகத்தையே துளைவழியாக அகற்றினார். மணிக்கணக்காக நீளும் சிகிச்சைகள், முதியோர், இதய நோயாளிகள் என்று எல்லை விரிந்தபோதுதான், சிறுநீர் சேகரிக்கும் பையில் துளிகள் அருகுவதை மயக்க மருந்து வைத்தியர்கள் கவலையோடு நோக்கத் தொடங்கினர். 90-களில் பன்றிகளிடமும் எலிகளிடமும் நடந்த ஆராய்ச்சிகள் பழைய உண்மைகளையே மறுபடி மெய்ப்பித்ததோடு, ரெனின் முதலிய ஹார்மோன்கள் பெருகிக் குழாய்களைச் சுருக்குவதையும் வெளிப்படுத்தின. 12 முதல் 15 மில்லிமீட்டர் என்று இன்று அனுசரிக்கப்படும் வரம்பில், நல்ல சிறுநீரகம் வாயு நீங்கிய சில மணி நேரத்தில் சகஜ ஸ்திதிக்குத் திரும்புகிறது. முன்பே நலிந்த சிறுநீரகத்தின் விஷயத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

இந்த ஞானம் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம், 1995-இல் பால்டிமோரில் ராட்னரும் கவூஸியும் தொடங்கிவைத்த சிகிச்சையாகும். உயிரோடிருக்கும் ஒருவர் மற்றொருவருக்குத் தானமாகக் கொடுக்கும் சிறுநீரகத்தைத் துளைவழியே எடுப்பது அது. வாயுவின் நெருக்குதலில் கிடந்த அதே உறுப்பு, இளைப்பாற அவகாசமின்றி, மற்றோர் உடலில் உடனே உழைத்தாக வேண்டும். ஆகையால் தானம் தருபவருக்கு உப்பு நீரைத் தாராளமாக ஏற்றி, சிறுநீரைப் பெருக்கும் மானிட்டால் என்னும் மருந்தைக் கொடுத்து, அழுத்தத்தைக் கூடியவரை தாழ்த்தி, தமனியைக் கவ்வியால் அடைப்பதற்குமுன், அறுபட்ட சிறுநீர்க் குழாயின் நுனியிலிருந்து சிறுநீர் சொட்டுகிறதா என்று வைத்தியர் நோக்குகிறார். தொடக்கத்தில் இவ்வாறு எடுத்த சிறுநீரகங்களைப் பெற்றவர்களுக்கு, வயிற்றைத் திறந்து எடுத்தவற்றைப் பெற்றவர்களைக் காட்டிலும், முதல் நாட்களில் சிறுநீரகம் வடிகட்டி நீக்க வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் மெதுவாகவே இறங்கிற்று. ஓராண்டு கழித்து அளந்தபோது இரு சாராருக்கும் பேதம் காணப்படவில்லை.