ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்கள்

சிவகிரி சுற்றுவட்டாரச் சேரிகளில் பெண்களோடு உட்கார்ந்து கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் யாரும் வாய் திறப்பதில்லை. நடவு வேலை முடித்து வந்த ஓர் அம்மா எங்களிடம் கேட்டார்: "நோவு ஒண்ணும் இல்லாதப்போ, ஒரு நாள் கூலிய விட்டுட்டுப் போயி எதுக்குத் தாயி பாக்கணும்?"

நியாயமான கேள்வி. இதற்கான பதில் கிடைத்தது நம் தமிழ்நாட்டில்தான், திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில். அந்தப் பதிலுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் மாணவத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. ஹெச்பிவி என்ற வைரஸ் தொற்றி, அது உடலை விட்டு நீங்காமல் தங்கினால், புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதுவரை வலி இருக்காது. இந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் புற்று வராமலே தடுக்கலாம். 1940களிலேயே பாப் ஸ்மியர் சோதனை வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஆய்வகமும் பயிற்சி பெற்ற நிபுணர்களும் வேண்டும். நம் கிராமங்களுக்கு அது வந்து சேரவில்லை.

அப்போதுதான் எளிய வழி ஒன்று சோதிக்கப்பட்டது. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்த்த கரைசலாகக் கருப்பைவாயில் தடவினால், மாறத் தொடங்கிய திசு ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். செவிலியரே பார்த்துவிடலாம். திண்டுக்கல்லில் 114 கிராமத் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு 2000 முதல் 2003 வரை சோதனை நடந்தது. தேவைப்பட்டவர்களுக்குச் செவிலியர்களே உறைகுளிர் சிகிச்சையும் தந்தார்கள். மற்ற 57 தொகுதிகள் ஒப்பீட்டுக் குழு. அங்கே 'வழக்கமான கவனிப்பு' மட்டும்.

2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. சோதனைக் குழுவில் 49,311 பெண்கள். புற்று வந்தது 167 பேருக்கு, இறந்தவர்கள் 83 பேர். ஒப்பீட்டுக் குழுவில் 30,958 பெண்கள்தான். புற்று வந்தது 158 பேருக்கு, இறந்தவர்கள் 92 பேர். ஒரே ஒரு முறை பார்த்ததில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. அந்த அம்மாவின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

ஆனால் 'வழக்கமான கவனிப்பு' என்ற சொல்லிடம் நாம் நிற்க வேண்டும். சோதனை வசதியே இல்லாத ஊரில் வழக்கமான கவனிப்பு என்றால் சோதனை இல்லை என்றுதான் பொருள். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் கிராமங்களிலும் மும்பையின் குடிசைப் பகுதிகளிலும் இதேபோன்ற ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் சேர்த்து ஒப்பீட்டுக் குழுக்களில் இருந்தவர்கள் 1,38,624 பெண்கள். அவர்களில் குறைந்தது 254 பேர் இந்த நோயால் இறந்தார்கள் என்று 2014இல் விமர்சகர்கள் எழுதினார்கள். சோதனை உயிர் காக்கும் என்று உலகம் முன்பே அறிந்திருக்க, இத்தனை பேரை ஏன் பார்க்காமல் விட்டீர்கள் என்பது அவர்கள் கேள்வி. ஆய்வாளர்கள் சொன்ன பதில்: இந்தச் சூழலில் எது பலன் தரும் என்ற ஆதாரம் இல்லாமல் எந்த அரசும் பணம் ஒதுக்காது.

அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. அதனால்தான் நம் கோபம் ஆய்வு அறையோடு நின்றுவிடக் கூடாது. ஏழைப் பெண்களுக்குச் சோதனை கிடைக்காததை இயல்பான நிலை என்று ஏற்றுக்கொண்ட அரசிடமும் சமூகத்திடமும் அது போக வேண்டும்.

ஒப்புதல் விஷயத்திலும் இதே கதைதான். 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஹெச்பிவி தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. விடுதிகளில் தங்கிப் படித்த ஆதிவாசிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோர் அல்ல, விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். சில சிறுமிகளின் சாவுக்குத் தடுப்பூசி காரணமாக வாய்ப்பில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. தடுப்பூசியை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒப்புதல் பெற்ற விதத்தை 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. நம் பிள்ளைகளின் உடலுக்கு வேறொருவர் கையெழுத்துப் போதும் என்று நினைத்த மனநிலைதான் அங்கே குற்றம்.

திண்டுக்கல் முடிவு வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு எடுக்கப்பட்டது. 30 முதல் 49 வயதுக்குள் இந்தச் சோதனையை ஒரு முறையாவது செய்துகொண்ட பெண்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம், இந்தியா முழுவதும் 1.9 சதவீதம். 2030க்குள் 70 சதவீதம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. நம் பெண்களின் உடலிலிருந்து எடுத்த அறிவு நம் பெண்களுக்கே திரும்பி வரவில்லை. இது கடன்.

அந்தக் கடனைக் கேட்டு வாங்குவது நம் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது கடந்த பெண்களுக்கு இச்சோதனை இலவசம் என்று தெருத்தெருவாகச் சொல்வோம். கூலி போகாத நேரத்தில், சேரிக்குள்ளேயே முகாம் கேட்போம். என்ன செய்யப்போகிறார்கள் என்பதைப் பெண்ணிடமே விளக்கச் சொல்வோம். முடிவைத் தாளில் கேட்டு வாங்குவோம். சந்தேகம் என்று வந்தால் மேல் சிகிச்சைக்கு ஒருவர் கூடவே போவோம். திண்டுக்கல்லில்கூட முன்நிலை மாற்றம் கண்டறியப்பட்ட பெண்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை பெற்றார்கள். மீதிப் பேர் விடுபட்ட இடம் அதுதான்.

அந்த அம்மாவிடம் 92 பெண்களைப் பற்றிச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எந்தக் கிழமைன்னு சொல்லு, நாலு பேரக் கூட்டிட்டு வாறேன்" என்றார்.