பாத்ரூமில் பிறந்த பீச்சாங்குழல்

தண்ணீர்த் துப்பாக்கி வேண்டுமென்று உங்கள் பிள்ளை அடம்பிடித்தால் திட்டாதீர்கள். அந்தப் பொம்மைக்குப் பின்னால் ஒரு விண்வெளி இன்ஜினீயர் இருக்கிறார்.

லோனி ஜான்சன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், நிறவெறி தலைவிரித்தாடிய காலத்தில் வளர்ந்த கறுப்பினத்தவர். வியாழனுக்குப் போன கலிலியோ விண்கலத்துக்காக வேலை பார்த்தவர்.

1982. குளிர்பதனப் பெட்டியில் ரசாயன வாயுவுக்குப் பதில் வெறும் தண்ணீரைப் பயன்படுத்த முடியுமா என்று வீட்டில் ஆராய்ச்சி. தானே கடைந்த ஒரு மூக்குக்குழாயை பாத்ரூம் குழாயில் மாட்டித் திறந்தார். சர்ரென்று அறையின் மறுகோடி வரை பாய்ந்தது தண்ணீர். அட, இது நல்ல விளையாட்டுச் சாமானாச்சே!

பி.வி.சி. பைப், பிளாஸ்டிக் துண்டுகள், காலி சோடா பாட்டில். துப்பாக்கி ரெடி.

பேட்டரி? இங்கேதான் சூட்சுமம். 1980களின் நடுவில் பேட்டரித் தண்ணீர்த் துப்பாக்கிகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. விசையை அழுத்தினால் மோட்டார் ஓடும், தண்ணீர் வரும். ஆனால், மெல்லிய பீச்சல்தான். சின்ன பேட்டரியால் ஒரு நொடியில் தரமுடிந்த சக்தி அவ்வளவுதானே!

ஜான்சனின் வழி, உண்டியல் வழி. கையால் பம்ப் அடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை உள்ளே அடைப்பது. சில்லறையாகச் சேர்த்த சக்தியை மொத்தமாகச் செலவழிப்பது. 1986-ல் அவருக்குக் கிடைத்த காப்புரிமையிலும் பேட்டரி உண்டு. எதற்குத் தெரியுமா? விண்வெளித் துப்பாக்கி மாதிரி சத்தம் எழுப்புவதற்கு!

பொம்மைக் கம்பெனி ஒன்று கைகொடுக்க 1989 ஆனது. 1990-ல் கடைக்கு வந்தது. அடுத்த வருடம் 'சூப்பர் சோக்கர்' என்று பெயர் மாறியது. அந்த ஒரே வருடத்தில் 20 கோடி டாலர் விற்பனை! ஆனால், தன் பங்குக்கு அவர் மல்லுக்கட்டவும் வேண்டியிருந்தது. 2013-ல் ராயல்டி வழக்கொன்றில் அவருக்குத் தீர்ப்பானது சுமார் 7.3 கோடி டாலர்.

2018-ல் ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து புதுத் துப்பாக்கி ஒன்று வந்தது, 'ஸ்பைரா'. மூக்கைத் தண்ணீரில் முக்கினால் பேட்டரி பம்ப் தானே உறிஞ்சி, தானே அழுத்தம் ஏற்றிக்கொள்ளும். பேட்டரி திரும்பி வந்துவிட்டது. ஆனால், நேரடியாகச் சுட அல்ல, உண்டியலை நிரப்ப! கை செய்த வேலையை மோட்டார் வாங்கிக்கொண்டது. தத்துவம் ஜான்சனுடையதுதான்.

ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு பி.வி.சி. பைப்பில் பம்ப் வைத்துக் காற்றடைக்கக் கிளம்பிவிடாதீர்கள். அது காற்றழுத்தத்துக்காகச் செய்த பைப் இல்லை. வெடித்தால் சில்லுசில்லாகப் பறந்து கண்ணைக் குத்தும்.

சரி, பொம்மையில் சம்பாதித்த பணத்தை ஜான்சன் என்ன செய்தார்? மறுபடி ஆராய்ச்சியில் போட்டார். எந்த ஆராய்ச்சி என்கிறீர்களா?

பேட்டரி!